கலயத்துக் குஞ்சும் கிண்ணத்துக் குஞ்சும்

சிவகாசிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் கூண்டு தெரிந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் லவ் பேர்ட்ஸ்தான். தகர நிழலில் கம்பிவலை, வாய் குறுகிய நாலைந்து மண்கலயங்கள், ஒரு டப்பா தினை; அவ்வளவு போதும். அதில் கை பழகியவர்தான் அடுத்து ஒரு ஜோடி கேனரி வாங்குகிறார். அங்கே அடி வாங்குகிறார். நானும் வாங்கினேன்.

லவ் பேர்ட்ஸ் முட்டை பொரிய 18 நாள். குஞ்சு கலயத்து இருட்டிலேயே ஏறக்குறைய ஐந்து வாரம் கிடந்து, இறகு முழுக்க முளைத்த பிறகே வெளியே வரும். அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் சேவல் ஊட்டும். அதற்குள் தானே தினை உரிக்கப் பழகிவிடும். கேனரி முட்டையோ 13, 14 நாளில் பொரிந்துவிடும். திறந்த கிண்ணக் கூட்டிலிருந்து மூன்று வாரத்துக்குள் குஞ்சு குதித்துவிடும். வால் கட்டை, தலையில் இன்னும் பூமுடி. காய்ந்த விதையை உடைக்கும் வலு அலகுக்கு வர ஆறு வாரம் ஆகும்.

என் முதல் குஞ்சை 24ஆம் நாள் தனியாகப் பிரித்தேன். விதைக் கிண்ணத்தில் ஓயாமல் கொத்திக்கொண்டிருந்ததால் தின்கிறது என்றே நம்பினேன். மூன்றாம் நாள் காலையில் கூண்டுத் தரையில் கிடந்தது. கையில் எடுத்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தியது. கிண்ணத்தில் ஒரு விதைகூட உடைபடவில்லை.

பெட்டைகளின் குணமும் வேறு. லவ் பேர்ட்ஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிட்டு, தொடக்கத்திலேயே அடையில் உட்கார்ந்துவிடும். மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் ஒரு வாரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும், தன் இரைப்பையிலிருந்து எதுக்களித்த இரையைக் கடைக்குட்டிக்கும் ஊட்டித் தேற்றிவிடும். கேனரிக் கூட்டில் இரண்டு நாள் இளையது மிதிபட்டே போய்விடும். அதனால்தான் அன்றன்றைய முட்டையை எடுத்துவிட்டு போலி முட்டை வைத்து, நாலாம் முட்டை வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அடைக்கு வைக்கிறார்கள்.

வெயில் விஷயத்தில் லவ் பேர்ட்ஸுக்கு நம் ஊர் அந்நியமில்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலிருந்து ஜான் கூல்ட் 1840இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பறவை அது. தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றக் காரணமான அதே வறட்சி அதற்கும் ஒத்துப்போகிறது. கேனரி அட்லாண்டிக் தீவுப் பறவை. கார்த்திகை, மார்கழிக் குளிர்ச்சியில் ஜோடி சேர்த்தால்தான் குஞ்சு தேறும். புகையும் ஆகாது, விஷக்காற்றை முன்கூட்டி அறிய பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை வைத்திருந்தது இதைத்தானே.

தீனியில் கேனரிக்குத்தான் பாடு அதிகம். அவித்த முட்டையை ரஸ்க் தூளோடு பிசைந்து, முளைகட்டிய விதை சேர்த்துக் காலையில் வைத்தால், நம் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். புளித்தால் குஞ்சுக்கு வயிறு போகும். லவ் பேர்ட்ஸுக்கு ஊறவைத்த தினையும் கடல்நுரையும் இருந்தால் போதும்.

இன்னொரு தொல்லை, அடுத்த கூடு கட்டும் அவசரத்தில் கேனரிப் பெட்டை தன் குஞ்சின் இறகையே பிடுங்கும். சணல் நார் நிறையப் போட்டும் அடங்காவிட்டால் நடுவே கம்பித் தடுப்பு வைத்துக் குஞ்சுகளை மறுபக்கம் விடுவேன். சேவல் கம்பி வழியாகவே ஊட்டும். இப்போது நாள் எண்ணுவதில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் சேவல் கூப்பிட்டும் குஞ்சு கிண்ணத்தை விட்டு நகராமல், கீழே உமி சிந்தியிருந்தால்தான் கூண்டு மாற்றுகிறேன்.