பெற்றோலைப் பீச்சிய பொறி

எண்பதுகளில் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த எம்மவரில் பலர் முதலில் வாங்கிய கார், ஐரோப்பியர் ஓடிக் கழித்துவிட்ட கார்தான். கோல்ஃப், அவுடி, வொல்வோ என்று பெயர்கள் வேறுபட்டாலும், அவற்றில் சிலவற்றின் மூடியைத் திறந்தபோது நாம் தேடிய காபரேட்டர் அங்கே இல்லை. அதனிடத்தில் ஒரு கனத்த உலோகக் குமிழும், அதிலிருந்து சிலந்திக் கால்கள்போலச் சிலிண்டர்களுக்குப் போகும் மெல்லிய குழாய்களும் இருந்தன. அதிகாலை நாலு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் புறப்படுபவருக்கு அது திறக்க முடியாத பெட்டகம்.

இந்தப் பொறியின் பூர்வீகம் டீசலில் இருக்கிறது. பொஷ் நிறுவனம் 1927இல் டீசல் பீச்சும் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அடுத்த பாய்ச்சல் வானத்தில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரில் மெஸ்ஸர்ஷ்மிற் 109 விமானத்தின் என்ஜினுக்குப் பெற்றோல் பீச்சப்பட்டது. பிரித்தானியரின் ஸ்பிற்ஃபயரிலோ காபரேட்டர். மூக்கைத் திடீரென்று கீழே சரித்தால் காபரேட்டரின் மிதவை குழம்பி என்ஜின் திணறும். துரத்தப்பட்ட ஜேர்மன் விமானி இதை அறிந்தே கீழே பாய்ந்து தப்பினான். 1941இல் பியாற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர், துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டைக் குழாயில் வைத்து அக்குறையைப் பெருமளவு தணித்தார். பெரிய சிக்கலுக்குச் சின்னத் துண்டு. எங்கள் ஊர் மெக்கானிக்மார் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள்.

1954இல் வந்த மேர்சிடிஸ் 300 எஸ்.எல். அந்த வித்தையை வீதிக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு வியாதி இருந்தது. சாவியை அணைத்த பின்னும் என்ஜின் சுற்றி ஓயும்வரை பம்ப் பீச்சிக்கொண்டேயிருக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரைக் கழுவி ஒயிலோடு கலக்கும். இதே வியாதியை யாழ்ப்பாணமும் பின்னர் கண்டது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடினவல்லவா? அங்கும் எரியாத எண்ணெய் கீழிறங்கி ஒயிலைத் தண்ணீராக்கியது. அந்த முறையும் புதிதல்ல: நாற்பதுகளின் பிரித்தானிய உழவு இயந்திரங்கள் சில பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாறியே உழுதன. அமுக்கம் குறைந்த பழைய என்ஜினும் காபரேட்டரும் எதையும் சகித்தன. பீச்சும் பொறியிடம் அந்தச் சகிப்புத்தன்மை இல்லை.

நாம் கண்ட குமிழ் 1973இல் வெளிவந்த கே-ஜெற்றோனிக். கே என்றால் ஜேர்மன் மொழியில் 'இடைவிடாமல்'. 1976இன் கோல்ஃப் ஜி.ரி.ஐ. அதைப் பரவலாக அறியச்செய்தது. அதற்குக் கணினி கிடையாது. உள்ளிழுக்கும் காற்று ஒரு வட்டத் தட்டை உயர்த்தும். தட்டு ஒரு தண்டைத் தள்ளும். தண்டு உயர உயர, மயிரளவு ஒடுங்கிய பிளவுகள் திறந்து பெற்றோல் போகும். காற்றுக்கு ஏற்ற பெற்றோல், அவ்வளவுதான். தராசு மாதிரி.

பழுது பார்ப்பதும் அந்தத் தராசை விளங்கிக்கொள்வதில்தான் தங்கியிருக்கிறது. தட்டைத் தாண்டி உள்ளே வரும் காற்றைத் தராசு அறியாது. வெடித்த றபர்க் குழாய், காய்ந்த வளையம், எதுவாயினும் கார் நடுங்கும். என்ஜின் ஓடும்போது ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஆரோக்கியமான கார் உடனே திணறும். திணறாவிட்டால், வேறெங்கோ ஏற்கெனவே காற்று புகுகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் பலர் முதலில் தேடுவது மூன்று மில்லிமீற்றர்ச் சாவியைத்தான். கலவைத் திருகாணியைத் திருப்பிவிட்டால் நோய் மறைந்து இன்னொரு நோய் வரும். பிறகு கராஜில் குமிழையே மாற்றச் சொல்வார்கள், அதன் விலை காரின் விலையைத் தாண்டும்.

காற்று சரியென்றால் அமுக்கமானி வேண்டும். ஊரில் காதும் மூக்கும் போதுமாயிருந்த கைகளுக்கு இது சங்கடந்தான். பொதுவாகப் பிரதான அமுக்கம் ஐந்து பார் அளவில் இருக்கும். தட்டை எதிர்த்து அழுத்தும் கட்டுப்பாட்டு அமுக்கம் குளிரில் தாழ்ந்திருந்து, சூடேறும்போது மூன்றரைக்கு மேல் வரவேண்டும். குளிரிலேயே அது உயர்ந்திருந்தால் காலையில் கார் எழும்பாது. சூட்டிலும் தாழ்ந்தே கிடந்தால் கரும்புகையும் பெற்றோல் மணமும். குளிரில் நன்றாகக் கிளம்பி, கடைக்குப் போய்வந்த பத்து நிமிடத்தில் அடம்பிடிக்கும் கார்களும் உண்டு. நிறுத்தியபின் அமுக்கத்தைக் காக்கும் சேமிப்புக் குடுவையோ, பம்பின் ஒருவழி வால்வோ கசிந்து, குழாய்களில் பெற்றோல் ஆவியாகிவிடுகிறது. குமிழ் இங்கே நிரபராதி.

முப்பது வயது கடந்ததால் இக்கார்கள் இன்று ஜேர்மனியில் 'பழங்கார்' இலக்கத்தகடு பெறும் தகுதியுடையவை. அவற்றின் எதிரி ஓட்டமல்ல, ஓய்வு. 2011இலிருந்து அங்கு விற்கப்படும், பத்து வீதம்வரை எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்டு துருப்பிடித்து இறுகும். கோல்ஃப் போன்றவற்றில் பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தியபின் தட்டைக் காந்தத்தால் மெல்ல உயர்த்தினால், கையில் ஒரே சீரான எதிர்ப்புத் தெரியவேண்டும். இடையில் எங்காவது பிடித்தால், குமிழில் கைவைக்கவேண்டிய நேரம் அதுதான்.