தொலைவிலிருந்து அச்சிடுதல்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

அச்சிட்ட தாளைச் சுமந்து சென்று வாசகரிடம் சேர்ப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் சென்னையில் தொடங்கினர். விலையைக் குறைக்க முடிந்த அவர்களால் தொலைவைக் குறைக்க இயலவில்லை. வெளியூர் அன்பர்கள் அஞ்சற்காரரை எதிர்பார்த்தே இருந்தனர்.

தாளை விடுத்துப் பக்கத்தின் உருவை மட்டும் அனுப்பி, சேருமிடத்தில் அச்சிடும் முறையை 1959-இல் ஜப்பானின் அசாகி நாளிதழ் டோக்கியோவுக்கும் சப்போரோவுக்கும் இடையே கையாண்டது. நம் நாட்டில் 'இந்து' நாளிதழ் 1963-இல் சொந்த விமானங்களில் தாள்களை அனுப்பிற்று. 1969-இல் கோவையிலும் 1977-இல் மதுரையிலும் இப்புதிய முறையைக் கொணர்ந்தது. சென்னையில் ஆயத்தமான பக்கத்தின்மீது ஒளிக்கதிர் வரிவரியாக ஊர்ந்து செல்லும். கருமையும் வெண்மையும் மின்குறிகளாக மாறித் தொலைபேசித் தடம் வழியே சென்று, மறுமுனையில் படச்சுருளில் மீண்டும் பக்கமாகும். அதிலிருந்து தகடு செய்து அச்சேற்றுவர்.

திண்டுக்கல் அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது; 1985-இல்தான் தனி மாவட்டமாயிற்று. மதுரையில் அச்சான தாள்கள் விடியற்காலையிலேயே இங்கு வந்து சேரும். ஆனால் எங்கள் சிற்றூர்த் தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து அவற்றைப் படிக்க நம் பெரியோருக்கு இடமில்லை. வெளியே நின்று, பிறர் உரக்கப் படிப்பதைக் கேட்டனர். மின்குறி முந்நூறு மைலைக் கடந்தது. அந்த மூன்றடியை யார் கடப்பது?

பின்னர் கணினிகள் வந்தன. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுடன் இணைந்த அச்சுப்பொறிக்கு வேலை அனுப்பும் முறை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக யூனிக்ஸ் கணினிகளில் வழங்கிற்று. அதன் விதிகள் 1990-இல் ஆர்.எஃப்.சி. 1179 என்னும் ஆவணமாக வெளிவந்தன. வரும் வேலைகளைக் கோப்பாகச் சேமித்து, வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாக அச்சிடுவதே அதன் சாரம். அனுப்பியவர் அச்சுப்பொறி ஓயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்று பொதுத்தேர்வு நுழைவுச்சீட்டுகள் சென்னையிலிருந்து கட்டாக வருவதில்லை. தேர்வுத்துறை இணையதளத்தில் வெளியிட, தலைமையாசிரியர்களாகிய நாங்கள் பள்ளியிலேயே அச்சிட்டு வழங்குகிறோம். சென்ற ஆண்டு, குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டிய மாணவி ஒருத்தி சூடு ஆறாத தாளை வாங்கி, பெயரையும் பிறந்த தேதியையும் இருமுறை சரிபார்த்துவிட்டு, "ஐயா, எல்லாம் சரியாக இருக்கிறது" என்றாள்.