மோட்டாரின் பிறந்த ஆண்டு

பழைய அவுட்போர்டு மோட்டார் ஒன்று கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பவில்லை, கிளம்பினாலும் வேகமெடுக்காமல் திணறுகிறது என்றால், அதற்கு வயதாகிவிட்டது என்பதுதான் உடனே கிடைக்கும் தீர்ப்பு. பாதிக்கு மேல் அது தவறான தீர்ப்பு. அமெரிக்க ஏரிகளில் கோடைக்குச் சில வாரம் மட்டும் ஓடி, மீதி நாளெல்லாம் கொட்டகையில் தொங்கிய மோட்டார்களில் பிஸ்டனும் கிராங்க் தண்டும் அறுபது ஆண்டுக்குப் பிறகும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கின்றன. தகராறு செய்பவை அவற்றைச் சுற்றியுள்ள சிறு பொருள்கள்தான்: ஒரு ரப்பர் வாஷர், இரண்டு பாயிண்டுகள், தக்கையால் ஆன மிதவை, விரிசல் விட்ட காயில். இவற்றில் எது முதலில் கைவிடும் என்பது மோட்டார் எவ்வளவு உழைத்தது என்பதைப் பொறுத்ததல்ல. அது எந்த ஆண்டின் வடிவமைப்பு என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு காலத்திலும் தயாரிப்பாளர்கள் எடையையோ விலையையோ குறைக்க ஒரு முடிவு எடுத்தார்கள். அதற்கான விலையைப் பின்னாளில் கயிறு இழுப்பவர் கட்டினார். பழுது பார்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி பிளக் எப்படியிருக்கிறது என்பதல்ல, மோட்டார் எந்த ஆண்டில் பிறந்தது என்பதே.

படகில் மாட்டிக் கழற்றும் மோட்டார் என்ற எண்ணம் பெட்ரோலுக்கு முந்தியது. பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே 1881இல் சேன் நதியில் சுக்கானோடு இணைத்த மின்மோட்டாரால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் 1907இல் காப்புரிமை பெற்று விற்பனையும் செய்தார். ஆனால் இந்தப் பொருளுக்கு நிலையான உருவம் கொடுத்தவர் நார்வேயில் பிறந்து விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட். மில்வாக்கியில் 1909இல் அவர் விற்கத் தொடங்கிய மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு, விலையும் 62 டாலர். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்த களைப்பில் அவருக்கு இந்த யோசனை வந்தது என்றொரு கதை உண்டு. விளம்பரத்துக்கு நல்ல கதை. நமக்கு முக்கியம் அந்த 62 பவுண்டு. ஒரே ஆள் தோளில் தூக்கிப் போய் வாடகைப் படகின் பின்பலகையில் மாட்ட வேண்டுமென்றால் நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினின் வால்வுகளுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் இடமில்லை. எனவே இரண்டு ஸ்ட்ரோக். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுவது. கலவையைக் கிராங்க் அறை வழியாகவே உள்ளே இழுப்பது. பிளக்கில் எண்ணெய்க் கரி படிவதும், கிராங்க் அறையின் சீல் தேய்ந்தால் கலவையை இழுக்கும் வலு குறைந்து மோட்டார் கிளம்பாமல் போவதும் அன்றே எழுதப்பட்டுவிட்ட விதி. எரிப்பதற்கான கலவையை இழுக்கும் வேலையைக் கிராங்க் அறைக்கும் கொடுத்ததால், மேலே சிலிண்டரில் அழுத்தம் சரியாக இருந்தும் கீழே கசிவதால் கிளம்பாத இஞ்சின் உருவாயிற்று. அழுத்தமானியை மட்டும் நம்புபவர் அந்தக் கசிவைக் காணவே மாட்டார்.

தீப்பொறியின் கதையும் இதே போலத்தான். தொடக்கத்தில் ஃப்ளைவீலில் இருந்த குமிழைக் கையால் பிடித்துச் சுழற்றினார்கள். மோட்டார் எதிர்த் திசையில் உதைத்தால் விரல் போகும். பாட்டரியின் எடையைத் தவிர்க்க மேக்னெட்டோ ஃப்ளைவீலுக்குள்ளேயே குடியேறியது. எடை குறைந்தது, ஆனால் பாயிண்டும் கண்டன்சரும் காயிலும் இரும்புச் சக்கரத்தின் அடியில் மறைந்தன. இன்று அவற்றைத் தொட வேண்டுமென்றால் ஃப்ளைவீலை இழுக்கும் கருவி வேண்டும். மேக்னெட்டோவின் இயல்பே மெதுவாகச் சுற்றினால் பலவீனமான பொறி, வேகமாகச் சுற்றினால் வலுவான பொறி என்பது. கயிறு இழுப்பவரின் கைவேகம்தான் தொடக்கப் பொறியின் வலு. மாதக்கணக்கில் சும்மா கிடந்த மோட்டாரின் பாயிண்டுகளில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிந்தாலே அந்தப் பலவீனமான பொறியும் அணைந்துவிடும். 1950களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் காயிலின் மேலுறை காலப்போக்கில் விரிசல் விட்டு ஈரத்தை உள்ளே விடுவது பழையவற்றைச் சேகரிப்போர் அனைவரும் அறிந்தது. அந்தக் காயில் குளிரில் பொறி தரும், சூடானதும் நிறுத்திவிடும். காலையில் நன்றாக ஓடியது நடுஏரியில் நின்று போனால், 1950களின் மோட்டாரில் கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்பே இந்தக் காயிலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வேகமெடுக்கவில்லை என்ற புகார் இவ்வளவு பழையதல்ல. இரண்டு மூன்று குதிரைத்திறன் மோட்டார் ஒரு துடுப்புப் படகைத் தள்ளியபோது வேகமெடுப்பது என்ற ஒன்றே கிடையாது; நடக்கும் வேகத்தில் போகும், அவ்வளவுதான். ஜான்சன் சகோதரர்கள் 1920களின் தொடக்கத்தில் கொண்டுவந்த 35 பவுண்டு மோட்டாரை மக்கள் வாங்கியதும் எடை குறைவு என்பதற்காகவே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காட்சி மாறிற்று. பிளைவுட்டிலும் பிறகு கண்ணாடி இழையிலும் தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகள் வந்தன. 25 குதிரைத்திறன் 1950களின் தொடக்கத்தில் சாதாரணமாயிற்று. 1957இல் மெர்குரி நிறுவனம் ஆறு சிலிண்டரில் 60 குதிரைத்திறன் கொடுத்தது. இப்படிப்பட்ட படகு நீரைக் கிழித்துப் போவதில்லை, தான் எழுப்பிய அலையின் மேலேறி நீர்ப்பரப்பில் சறுக்க வேண்டும். அந்த ஏற்றத்தின்போதுதான் மோட்டாரிடம் மிக அதிகமாகக் கேட்கப்படுகிறது. புரொப்பல்லரின் சுழற்சி இரட்டிப்பானால் அதற்கு வேண்டிய திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும். இரண்டு சிலிண்டரில் ஒன்று செத்திருந்தாலும் மோட்டார் கிளம்பும், கரையோரம் அமைதியாக ஓடும். சறுக்கும் நிலைக்கு மட்டும் ஏறாது. ஓடும்போது பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லை என்று பார்ப்பது இந்தக் காலத்துப் படகுகள் கற்றுக்கொடுத்த சோதனை. ஒற்றைச் சிலிண்டர் எவின்ரூட் வைத்திருந்தவருக்கு அது தேவைப்படவேயில்லை.

பெரிய மோட்டாருக்குத் தலையில் உட்காரும் சிறிய டேங்க் போதவில்லை. 1949இல் ஜான்சன் தன் 10 குதிரைத்திறன் மோட்டாரில் முன்னே பின்னே போகும் கியரையும், படகின் தரையில் வைக்கும் தனி டேங்கையும் சேர்த்தது. அந்த டேங்கின் ஏற்பாடு புத்திசாலித்தனமானது, ஆனால் பிற்காலத்தவருக்குத் தலைவலி. கிராங்க் அறையின் காற்றழுத்தம் ஒரு குழாய் வழியே டேங்குக்குள் போய், இன்னொரு குழாய் வழியே பெட்ரோலை மேலே தள்ளும். பம்ப் வேண்டியதில்லை, செலவு மிச்சம். மூடியின் வாஷர் காய்ந்து கசிந்தால் அழுத்தம் நிற்காது. மெதுவாக ஓடும்போது இது தெரியாது. திராட்டிலைத் திறந்ததும் கார்புரேட்டர் கிண்ணம் நிரம்புவதைவிட விரைவாகக் காலியாகி, சில நொடியில் மோட்டார் தலைசாயும். அந்த நொடியில் டேங்கின் மேலிருக்கும் பொத்தானை அழுத்தினால் உயிர் திரும்பும். திரும்பினால் குறை டேங்கில், கார்புரேட்டரில் அல்ல. டயாஃப்ரம் பம்ப் வந்த பிறகு பிறந்த மோட்டாரில் இந்தச் சோதனைக்கே பொருளில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். மோட்டார் எந்த ஆண்டாக இருந்தாலென்ன, பொறி, பெட்ரோல், அழுத்தம் ஆகிய மூன்றையும் பார்த்தால் போதாதா? கிளம்பாத மோட்டாருக்கு இது பெரும்பாலும் போதும். இந்த மூவரிசையை எவரும் கைவிடத் தேவையில்லை. வேகமெடுக்காத மோட்டாரிடம் அது தோற்றுப் போகும். மூன்றும் தனித்தனியே சரியாக இருந்து, அவை சேர்ந்து நகரும் ஒழுங்கு மட்டும் குலைந்திருக்கலாம். 1950களின் வடிவமைப்பில் திராட்டிலைத் திருப்பினால் மேக்னெட்டோத் தட்டு சுழன்று பொறியை முன்கூட்டும். அந்தத் தட்டின் விளிம்பிலுள்ள ஒரு வளைவு ஒரு சிறு உருளையைத் தள்ளிக் கார்புரேட்டரின் கதவைத் திறக்கும். வளைவில் செதுக்கிய கோடு உருளையின் நடுவுக்கு வரும்போதுதான் கதவு திறக்கத் தொடங்க வேண்டும். யாரோ ஒருவர் எப்போதோ திருகாணியைத் தளர்த்தி இறுக்கியதில் அது ஒரு மயிரிழை முந்தினாலும், பொறி தயாராகும் முன்பே காற்று பாய்ந்து மோட்டார் திக்குமுக்காடும். கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் இது தீராது. வேகம் கூடும்போது இஞ்சின் மட்டும் அலறிப் படகு நகராத இன்னொரு குறையும் மூவரிசைக்குள் அடங்காது. கல்லில் மோதினால் கியர் உடையாதிருக்கப் புரொப்பல்லரின் நடுவில் வைத்த ரப்பர் காலத்தால் பிடிப்பிழந்து வழுக்குவதே காரணம். அதற்கு முந்திய மோட்டார்களில் அந்த இடத்தில் ஓர் ஊசி இருந்தது. அது உடைந்தால் உடைந்தது என்று தெரியும்.

உரிமையாளரின் அலட்சியம்தானே எல்லாவற்றுக்கும் காரணம் என்பது இரண்டாவது மறுப்பு. அலட்சியம் உண்டு, மறுக்கவில்லை. குளிர்காலம் முழுக்கக் கிண்ணத்தில் பெட்ரோலை விட்டுவைத்தவருக்கு வசந்தத்தில் கிடைப்பது பிசின்தான். ஆனால் 1939ஐ எண்ணிப் பாருங்கள். விஸ்கான்சினின் சீடர்பர்கில் நொடித்துப் போன ஒரு சிறு தொழிற்சாலையைக் கார்ல் கீக்கேஃபர் வாங்கியபோது, மான்ட்காமரி வார்டு என்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் குறையுள்ளவை என்று திருப்பி அனுப்பிய ஏறத்தாழ 300 மோட்டார்கள் அங்கே கிடந்தன. எல்லாம் புதியவை. அலட்சியம் செய்ய அவற்றுக்கு உரிமையாளரே இருந்ததில்லை. பால்பண்ணைகளுக்குக் காந்தக் கருவி செய்ய நினைத்து வந்த கீக்கேஃபர், கையில் காசு புரள அவற்றைப் பிரித்துச் சீராக்கித் திருப்பி விற்றார். அதே நிறுவனம் மேலும் கேட்டது. மெர்குரி என்ற பெயர் அங்கிருந்து கிளம்பியது. அவுட்போர்டு உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று பழுது பார்ப்பதிலிருந்தே பிறந்தது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

காலம் மோட்டாரை மாற்றாமல் எரிபொருளை மாற்றுவதும் உண்டு. 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது 1964வாக்கில் 50க்கு ஒன்றாயிற்று. அதற்கு முன் பிறந்த மோட்டாரில் புதிய விகிதம் தாங்கிகளைத் தேய்க்கும். பின் பிறந்ததில் பழைய விகிதம் பிளக்கை நனைக்கும். பழைய கார்புரேட்டர்களின் தக்கை மிதவைக்குப் பூசிய அரக்கை எத்தனால் கரைக்கிறது. மிதவை மூழ்கி, கிண்ணம் நிரம்பி வழிந்து, மோட்டார் கிளம்பாது. இந்தியப் பெட்ரோல் பங்க்குகளிலும் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல்தான். இதற்கு நேரெதிரான பாடம் நம் கடற்கரையில் இருக்கிறது. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் 1980களில் பரவிய அவுட்போர்டுகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினில் ஆவியாகாது. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரையேறும் முன் மீண்டும் பெட்ரோலுக்குத் திரும்பி நிறுத்த வேண்டும். கடைசிப் படியைத் தவறவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, விடியற்காலையில் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும். இலங்கைப் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியதும் இதே கணக்குத்தான்.

இனி இந்தப் பேச்செல்லாம் எதற்கு, மின்னணு எரிபொருள் செலுத்தி வந்த பிறகு இக்குறைகள் தீர்ந்துவிட்டனவே என்று கேட்கலாம். கிளம்பும் எளிமையில் புதியவற்றுக்கு இணையில்லை என்பது உண்மை. கார்புரேட்டர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் தான் குடித்ததில் கால் பங்குக்கு மேல் எரிக்காமலே நீரில் விட்டதால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1996இல் விதித்த கட்டுப்பாடு அதை ஓய்வுக்கு அனுப்பியதும் நியாயமே. ஆனால் குறை ஒழியவில்லை, இடம் மாறியது. எவின்ரூட், ஜான்சன் இரண்டையும் வைத்திருந்த ஓஎம்சி நிறுவனம் அக்கட்டுப்பாட்டுக்காகக் கொண்டுவந்த ஃபிக்ட் நேரடிச் செலுத்தி மோட்டார்கள் தொடக்கத்தில் அடுக்கடுக்காகக் கெட்டன. நம்பிக்கையும் சந்தையும் போய், 2000 டிசம்பரில் நிறுவனம் திவாலானது. பெயரை வாங்கிய பம்பார்டியர் வழிவந்த நிறுவனம் 2020இல் எவின்ரூட் தயாரிப்பையே நிறுத்திற்று. 1955இன் பாயிண்டைச் சிறு அட்டைத் துண்டால் துடைத்துக் கிளப்பலாம். பிசினில் வார்த்து மூடிய கட்டுப்பாட்டுப் பெட்டியைத் துடைக்க முடியாது, மாற்றத்தான் முடியும், அதுவும் அதே ஆண்டுக்கான பெட்டி கிடைத்தால்.