தாய்ப்பாலும் தகப்பன்பாலும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதிலே ஏஞ்சல் மீன் ஜோடி ஒன்று. ஒரு நாள் சாயங்காலம் அகன்ற இலை ஒன்றின்மேல் முந்நூறு முட்டைக்குக் குறையாமல் வரிசையாக ஒட்டி வைத்துவிட்டு, ஆணும் பெண்ணும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. வீட்டில் ஒரே கொண்டாட்டம். மறுநாள் காலையில் பார்த்தால், இலை துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது! தின்றது வேறு யாருமல்ல, பெற்றோரேதான்.

மீன் விற்ற கடைக்காரர் சிரித்தார். "அடுத்த தடவை இலையோடு எடுத்து வேறு தொட்டியிலே போட்டுடுங்க, சார். பெத்ததுகளை நம்பக் கூடாது" என்றார்.

என் அத்தைக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. "பெத்தவாளைப் பிரிச்சு வெச்சா குஞ்சு எப்படிடா பொழைக்கும்?" என்று கேட்டாள். மீனைப் பற்றி அத்தைக்கு என்ன தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். பின்னால் புத்தகங்களைப் புரட்டியபோதுதான், இதே கேள்வியில் உலகத்து மீன் வளர்ப்போர் பல ஆண்டுகள் திண்டாடிய கதை தெரிய வந்தது.

கடைக்காரர் சொன்னதும் பொய்யல்ல. ஏஞ்சல் மீன் சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் முட்டைகளைத் தனியே எடுத்துவைத்து, தகப்பன் துடுப்புக்குப் பதிலாகக் காற்றுக் குழாயைக் குமிழியிட விட்டு, பூஞ்சை பிடிக்காமல் இரண்டு சொட்டு மெதிலீன் நீலம் கலந்தால், இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தும். அப்போதுதான் பொரித்த உப்புநீர் இறால் குஞ்சுகளைத் தின்று வளரும். ஆயிரக்கணக்கில் இப்படி வளர்த்து விற்றிருக்கிறார்கள். 'பெற்றோர் எதற்கு?' என்று மனிதனுக்குக் கர்வம் வந்ததில் வியப்பில்லை.

அந்தக் கர்வத்தை அடக்கியது அதே குடும்பத்தில் பிறந்த டிஸ்கஸ் மீன். சாப்பாட்டுத் தட்டைப்போல் வட்ட வடிவம்; உடம்பெல்லாம் நீலக் கோடுகள். 1817 முதல் 1835 வரை பிரேசில் காடுகளில் அலைந்த யோஹான் நாட்டரர் சேகரித்து அனுப்பிய மீன்களைக்கொண்டு, வியன்னாவில் ஹெக்கல் என்பவர் 1840-இல் இதற்குப் பெயர் சூட்டினார். 20-ஆம் நூற்றாண்டில் இது வீட்டுத் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்ததும், பழகிய முறைப்படியே முட்டைகளைத் தனித் தொட்டிக்கு மாற்றினார்கள். முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் நீந்தின. ஆனால் எதிரே இரை மிதக்க, அவை பட்டினியால் செத்தன!

முட்டைகளைப் பெற்றோரிடமே விட்டுவைத்தவர்கள்தான் மர்மத்தைக் கண்டார்கள். நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகள் நேரே தாய் தகப்பனின் விலாப்புறத்தில் போய் ஒட்டிக்கொண்டு, உடம்பில் ஊறும் கோழையைக் கொத்தித் தின்றன. அதுதான் அவற்றுக்குப் பால். 1959-இல் ஹில்டமன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை விளக்கி எழுதினார். ஒருவருக்கு அலுத்துவிட்டால், உடம்பை ஓர் உதறு உதறி, குஞ்சுக் கூட்டத்தை மற்றவரிடம் தள்ளிவிடுமாம். 'போதும், இனி உன் முறை' என்பதுபோல! தாய்ப்பால் நாம் அறிந்தது. தகப்பனும் பால் தருகிற வீட்டை எங்கே கண்டோம்?

2010-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சில உண்மைகளை வெளியிட்டார்கள். முட்டையிட்டதும் அந்தக் கோழையில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. இரண்டு வாரம் பொறுமையாக ஊட்டும் பெற்றோர், மூன்றாம் வாரம் குஞ்சுகளை விட்டு விலகி நீந்தத் தொடங்குகின்றன. பால் மறக்கடிப்பது என்று நம் பெண்கள் சொல்வார்களே, அதேதான்.

இதற்கெல்லாம் அமேசானுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பங்கழிகளில் மஞ்சள் உடம்பில் கரும்புள்ளியுடன் ஒரு சிறு மீன் திரிகிறது. கரிமீனுக்கு நெருங்கிய உறவு. கேரளத்தார் பள்ளத்தி என்பார்கள். இதன் குஞ்சுகளும் மற்ற இரையோடு பெற்றோர் உடம்பையும் கொத்தி உண்பதை வார்ட், பார்லோ என்ற இருவர் 1967-இல் எழுதினார்கள். நம் காலடியில் நடந்ததை அவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டோம்!

மனிதன் தோற்றே போய்விட்டான் என்று சொல்ல மாட்டேன். ஜாக் வாட்லி என்ற அமெரிக்கர் முட்டைப் பொடியைக் குழைத்துப் பாத்திரத்தின் ஓரத்தில் பூசி, ஓயாமல் தண்ணீர் மாற்றி, டிஸ்கஸ் குஞ்சுகளைக் கையாலேயே வளர்த்துக் காட்டினார். ஒரு மனிதன் இரவு பகலாகப் பாடுபட்டு, இரண்டு மீன்கள் சும்மா நீந்திக்கொண்டே செய்கிற வேலையைச் செய்து முடித்தார்.

எங்கள் ஜோடி இரண்டாம் முறையும் முட்டைகளைத் தின்றுவிட்டது. நான் வேறு தொட்டி வாங்கக் கிளம்பினேன். அத்தைதான் தடுத்தாள். "தலைச்சன் பிள்ளையை எடுத்து வளர்க்க யாருக்குடா உடனே தெரியறது? பழகட்டும். பிரசவம் ஆன அறையிலே ராத்திரி விளக்கை அணைக்கலாமோ? நீ பாட்டுக்கு இருட்டாக்கிட்டுப் போயிடறே" என்றாள்.

இருட்டில் மிரண்டு முட்டைகளைத் தின்பதுண்டு என்று மீன் வளர்ப்போரும் சொல்வார்கள். மூன்றாம் முறை முட்டையிட்டபோது கூடத்தில் ஒரு சிறு விளக்கை எரிய விட்டேன். பத்து நாள் கழித்து நாற்பது ஐம்பது குஞ்சுகள் தாய் தகப்பன் பின்னால் திரிந்தன. அந்த விளக்கை அணைக்க இன்னும் எனக்கு மனம் வரவில்லை.