உப்பு ஏரியில் ஒரு வீடு

சம்பா அறுவடை முடிந்த மாசி மாதத்தில், சீர்காழியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வயல்களே விளையாட்டுத் திடல்களாகிவிடும். அரிதாள் காலில் குத்துவதைப் பொருட்படுத்தாது, செங்கற்களை எல்லையாக வைத்துப் பந்தாடிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் நம்மை வழிமறித்து, "நம்ம நாட்டு டீமுக்குச் சொந்த கிரவுண்டு எது சாமி?" என்று வினவினான். இங்கிலாந்துக்கு வெம்பிளி உண்டு. பிரேசிலுக்கு மரக்கானா உண்டு. நமக்கு?

ஏட்டளவில் ஒன்றும் இல்லை. கொச்சியில் ஒருமுறை, பெங்களூரில் ஒருமுறை, குவாஹாத்தியில் ஒருமுறை என்று ஊர்ஊராகச் சென்று ஆடும் அணி நம்முடையது. நம் சென்னை நேரு அரங்கிலும் 1993இல் நேரு கோப்பைப் போட்டிகள் நடந்தன. ஆயினும் வீடு என்ற சொல்லுக்குத் தகுதியான ஓரிடம் உண்டெனில், அது கொல்கத்தாவின் உப்பு ஏரிப் பகுதியில் உள்ள விவேகானந்த யுவபாரதி அரங்கமே.

அவ்விடத்தின் பிறப்பைக் கேட்டால் காவிரிக்கரையார் வியக்கமாட்டார்கள். ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய்கள் வழியே கொண்டுவந்து உவர்ச் சதுப்பில் கொட்டி, 1960களில் உண்டாக்கிய நிலம் அது. நம் ஊர்களை ஆறு தானாகவே செய்தது. அங்கே மனிதர் ஆற்றைக் கொண்டு செய்வித்தனர், அவ்வளவே.

கொல்கத்தாவுக்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. 1911இல் மோகன் பகான் அணியினர் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலப் படையணி ஒன்றை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்ற நாள்முதல், அது அடிமைப்பட்ட மக்களின் மானமாயிற்று. அந்தப் பற்று வெறியாக மாறியதும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய ஆட்டத்தின்போது எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால் அக்குடும்பத்துக்கு எந்தக் கோப்பை ஈடாகும்? ஆண்டுதோறும் அந்நாளில் அந்நகரத்தார் குருதிக்கொடை செய்து அவர்களை நினைவுகூர்கின்றனர். சிந்திய இரத்தத்துக்கு ஈடாக இரத்தமே தருவது நம் நெஞ்சைத் தொடுகிறது.

1984 சனவரியில் நேரு கோப்பைப் போட்டிகளோடு புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அப்போது ஏறத்தாழ 1,20,000 பேர் அமர முடிந்தது. அப்போட்டியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா ஒரே ஒரு கோலில்தான் தோற்றது.

ஆனால் இங்கேதான் வரலாறு நம்மை நகைக்கிறது. 1951இல் புதுதில்லியில் ஆசியத் தங்கம், 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962இல் யாகர்த்தாவில் மீண்டும் தங்கம்: இவ்வளவும் இவ்வீடு எழுமுன் பெற்றவை. வீடு எழுந்தபின் அத்தகைய வெற்றி ஒன்றும் அதன் வாசலுக்கு வரவில்லை. 1997 சூலையில் 1,31,000க்கும் மேற்பட்டோர் அங்கே திரண்டது நாட்டு அணியைக் காண அன்று. அதே இரு கழகங்களின் ஆட்டத்தைக் காணவே. சொந்த வீட்டிலேயே விருந்தாளி!

எனினும் 2024 சூன் 6 அன்று, தம் விடைபெறும் ஆட்டத்துக்குச் சுனில் சேத்ரி இவ்வரங்கத்துக்கே வந்தார். இருக்கைகள் மாற்றப்பட்டு அரங்கம் சுருங்கியிருந்தது. ஏறத்தாழ 59,000 பேர் கூடியிருந்தனர். குவைத்துடனான அந்த ஆட்டம் கோலின்றி முடிந்தது. தோல்வியும் இல்லை, வெற்றியும் இல்லை; ஆயினும் எவரும் எழுந்து போகவில்லை. மறு ஆண்டே அவர் அணிக்குத் திரும்பினார் என்பது வேறு கதை.

இவற்றையெல்லாம் சிறுவனிடம் சொன்னோம். அவன் மனமோ யாகர்த்தாவிலேயே நின்றுவிட்டது. இசுரேலையும் தைவானையும் விலக்கியதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால், அந்நகரமே நம்மவர்மேல் சினந்திருந்தது. நிரம்பி வழிந்த அரங்கம் முழுவதும் ஏளனக் கூச்சல். கோல்முகப்பில் தங்கராஜ், தலையில் தையலோடு ஜர்னைல் சிங் முன்வரிசையில் ஆடி ஒரு கோல் அடித்தார். தென்கொரியாவை 2-1 என்று வென்றோம்.

"அப்போ நமக்குக் கைதட்ட ஒருத்தர்கூட இல்லையா சாமி?"

இருந்தனர் என்றோம். பாகிஸ்தானின் ஹாக்கி அணியினர் அமர்ந்திருந்து நம்மவர்க்காக ஆரவாரித்தனர் என்று அன்று ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.