இழப்பிலா ஒலிவடிவ மாற்றம்: புதுக்கோட்டை லய மரபின் பதிவுகளை முன்வைத்து

1. பொருளும் எல்லையும்

கணினியில் சேர்த்த இசைத்தொகுப்பை, ஒலி சற்றும் மாறாமல், ஒரு கோப்புவடிவிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வதை ‘இழப்பிலா வடிவமாற்றம்’ என்கிறோம். ஒலியலையைச் சீரான இடைவெளியில் அளந்து எழுதிய எண்களே ‘மாதிரிகள்’. குறுந்தட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், தடங்கள் இரண்டு. சுருக்கிய கோப்பை விரிக்கும்போது அவ்வெண்கள் அனைத்தும் அப்படியே மீளுமானால் அது இழப்பிலாச் சுருக்கம். காதுக்கு எட்டாது என்று கணித்தவற்றை எம்பி3 போலக் களைந்துவிடுமானால் இழப்புறு சுருக்கம். மேடையில் ஒலித்தது முழுவதும் எண்ணாயிற்றா என்பது இவ்வரையறைக்கு வெளியே நிற்கும் கேள்வி. புதுக்கோட்டை அருகே குடுமியான்மலையில் உள்ள 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டும் சுரங்களைத்தான் காத்தது, குரலை அல்ல.

புதுக்கோட்டையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை, அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) ஆகியோர் வளர்த்தது பக்கவாத்திய மரபு. அம்மரபில் வந்த மிருதங்கக் கலைஞர் பழநி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பை இன்று நாம் கேட்பது பெரும்பாலும் பாடகர் பெயரில் வழங்கும் கச்சேரிப் பதிவுகளில்தான். இத்தகைய தொகுப்பில் வடிவமாற்றம் எதைக் காக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பதே நம் ஆய்வுப்பொருள்.

2. வடிவ வகைகள்

சுருக்காத வகைக்கு ‘வேவ்’ (1991) சான்று. சுருக்கும் வகையில் ‘ஃபிளாக்’ 2001இல் வெளியாகி, 2024இல் இணையப் பொதுத்தரமாக வரையறுக்கப்பட்டது. ஆப்பிளின் ‘ஏலாக்’ 2004இல் வந்து 2011இல் திறமூலமானது. அந்நிறுவனத்தின் இசைச்செயலியான ஐட்யூன்ஸ் ஃபிளாக்கை ஏற்றதில்லை. மாற்றும் தேவை பலருக்கு அங்கேதான் எழுந்தது.

வேவுக்கு ஓர் எல்லையும் உண்டு. கோப்பின் அளவை 32 பிட்டில் எழுதுவதால் 4 ஜிபிக்கு மேல் அது தாங்காது. ஆவணத்தரமான 24 பிட், 96,000 மாதிரி வீதத்தில் இரு தடங்களாகப் பதிந்தால் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் அந்த எல்லை வந்துவிடும். மூன்று மணிநேரக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் எந்தக் கோப்பில் துண்டுபடும் என்று கவலைப்பட வேண்டிய நிலை இது.

3. சுருங்குவதன் காரணம்

ஃபிளாக் முந்தைய மாதிரிகளைக்கொண்டு அடுத்ததை ஊகிக்கிறது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதுகிறது. இதை ‘எச்சம்’ எனலாம். தம்பூராவின் நீண்ட சுருதியில் எச்சம் சிறிது. திடீரென எழும் கஞ்சிரா அடியிலும், ஒலிநாடாவின் இரைச்சலிலும் ஊகம் தவறுவதால் எச்சம் பெரிது. பழைய பதிவு ஒற்றைத் தடமாக இருந்து, அதையே இரு தடங்களில் படியெடுத்திருந்தால், தடங்களுக்கிடையே வேறுபாடு இல்லை. ஏறக்குறையப் பாதி இடம் மிச்சம். ஃபிளாக்கின் 0 முதல் 8 வரையான நிலைகளில் மாறுவது கோப்பளவும் சுருக்கும் நேரமும் மட்டுமே. 8ஆம் நிலையில் நாதம் கூடும் என்பது வெறும் நம்பிக்கை.

4. மாற்றத்தின் படிகள்

முதற்படி மூலத்தை அறிதல். எம்பி3யிலிருந்து செய்த ஃபிளாக் பெரிய கோப்பாகுமேயன்றி, களைந்தது திரும்பாது. அலைவரிசைப் படத்தில் 16,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி வெட்டுப்பட்டிருந்தால் போலி என்பர். புதுப்பதிவுகளுக்கு இவ்விதி ஓரளவு பொருந்தும். பழைய இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் உயர் அலைகள் இயல்பாகவே இராமையால், அவற்றை இவ்விதியால் தள்ளுவது தவறு.

இரண்டாம் படி மாற்றுதல். மாதிரி வீதம், பிட் ஆழம், ஒலியளவு மூன்றையும் தொடலாகாது.

மூன்றாவது சரிபார்த்தல். கோப்புகளை நேரடியாக ஒப்பிடுவது பயன் தராது. விரித்த மாதிரிகளையே ஒப்பிட வேண்டும். ஃபிளாக் தன் தலைப்பகுதியில் மூல மாதிரிகளிலிருந்து கணித்த ‘எம்டி5’ என்னும் சரிபார்ப்புக் குறியை வைத்திருக்கிறது. வேவிலும் ஏலாக்கிலும் அது இல்லை. எஃப்எஃப்எம்பெக் என்னும் மாற்றுக்கருவி இக்குறியைக் கணிக்கும்போது, வேறு கட்டளை இல்லையெனில், 24 பிட்டையும் 16 பிட்டாக்கியே கணிக்கும். கீழ் 8 பிட் தொலைந்திருந்தாலும் ஒப்பீடு அதைக் காட்டிக்கொடுக்காமல் போகக்கூடும்.

5. ஒலியல்லாத இழப்பு

மாதிரிகள் அனைத்தும் பிழைத்தபின்னும், கலைஞர் பெயர் முதலியவற்றைக் கோப்பினுள் குறிக்கும் ‘விவரக்குறிகள்’ தொலையக்கூடும். ஃபிளாக்கில் விவரம் யூனிகோடில் எழுதப்படுகிறது. கலைஞர் புலத்தை எத்தனை முறையும் எழுதலாம். வேவின் பழைய விவரப்பகுதிக்கு எழுத்துக்குறியாக்கம் வரையறுக்கப்படாததால் தமிழ்ப்பெயர் சிதைய வாய்ப்புண்டு. ஏலாக்குக்குப் போகும்போது சில மாற்றிகள் முதற்பெயரை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. பாடகர், வயலின், மிருதங்கம், கஞ்சிரா என்னும் வழக்கமான வரிசையில் கடைசிப் பெயர்களே விழும். புதுக்கோட்டை மரபின் தொகுப்பில் அப்பெயர்களுக்காகத்தான் பதிவையே சேர்த்திருப்போம். ஒலியில் துல்லியம் காட்டும் கருவிகள் பெயரில் இவ்வளவு அலட்சியமாக இருப்பது வியப்பே.

எனவே ஃபிளாக்கை மூலமாக வைத்து, ஏலாக்கைக் கைப்பேசிக்கான படியாக மட்டும் கொள்வது தகும். கலைஞர் பட்டியல், கச்சேரி நாள், இடம், பதிவின் மூலம் ஆகியவற்றை யூனிகோடு உரைக்கோப்பாக எழுதி ஒவ்வொரு கச்சேரியின் அடைவிலும் வைக்க வேண்டும். மாற்றத்துக்குப்பின் அப்பட்டியலோடு விவரக்குறிகளை ஒப்பிட்டு, விடுபட்ட பெயர்களைச் சேர்த்த பிறகே பழைய கோப்புகளை நீக்கலாம்.