ஆர்ச்சர்ட் ரோட்டு மோட்டார்ப் பட்டறைகள்

பழங்கார் ஒன்று வீதியில் செல்லக் கண்டால் நாம் நின்று பார்க்கிறோம். அதன் வயதென்ன, இன்று என்ன விலை பெறும் என்று கேட்கிறோம். இத்தனை காலம் அதனை ஓட வைத்த பட்டறை எது என்று மட்டும் கேட்பதில்லை. சிங்கப்பூரின் மோட்டார் வரலாற்றை எழுதியவர்களும் பெரும்பாலும் அப்படியே. காரை வாங்கியவர் பெயரும் விற்றவர் பெயரும் ஏட்டில் ஏறின, பழுது பார்த்தவர் பெயர் ஏறவில்லை.

சிங்கப்பூருக்கு மோட்டார் வண்டி வந்தது 1896இல். காட்ஸ் பிரதர்ஸ் என்னும் வணிக நிலையத்தார் ஜெர்மனியிலிருந்து பென்ஸ் வண்டியைத் தருவித்தனர். அதனை வாங்கி ஓட்டியவர் சார்லஸ் பக்லி. பழைய சிங்கப்பூரைப் பற்றி 1902இல் இரு பாகங்களாக நூல் வெளியிட்ட அதே பக்லிதான். அவருடைய வண்டிக்கு ஊரார் 'காப்பி மிஷின்' என்று பெயர் சூட்டினர். அந்த வண்டியின் ஓசை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அக்காலத்தில் மோட்டாருக்கெனத் தனிப் பட்டறை ஏது? குதிரை வண்டியைச் செப்பனிட்ட கொல்லரும் தச்சருமே புதிய வண்டியையும் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த மாறுதலின் தடம் சொற்களில் இன்னும் இருக்கிறது. குதிரைக்காரனைக் குறித்த 'சைஸ்' என்ற சொல், அரபியில் பிறந்து இந்துஸ்தானி வழியாக மலாயாவுக்கு வந்து, இங்கே காரோட்டிக்கும் பெயராயிற்று. குதிரை போயிற்று, பெயர் தங்கிவிட்டது. மலாய் மொழியின் 'கெரெத்தா'வும் போர்த்துக்கீசியர் வண்டிக்கு இட்ட பெயரிலிருந்து வந்ததே. நம்முடைய 'பட்டறை'க்கும் பழமை உண்டு. கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்குத் திருக்குறளில் 'பட்டடை' என்ற சொல் ஆளப்பட்டிருப்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். மோட்டார்ப் பட்டறை என்று நாம் சொல்லும்போது பிழையாக ஒன்றும் சொல்லவில்லை.

1906இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேர்ன் குடும்பத்தார் ஆர்ச்சர்ட் ரோட்டில் மோட்டார்த் தொழில் தொடங்கினர். பின்னர் வேர்ன் பிரதர்ஸ் என்று பெயர் பெற்ற அந்நிறுவனம் போர்டு கார்களை விற்று மலாயா முழுவதும் கிளை பரப்பியது. 1937 ஜூன் 28இல் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு நகரங்களை இணைத்து ஆகாய விமானப் போக்குவரத்தையும் நடத்தத் துணிந்தது. கார் பட்டறையிலிருந்து விமானம் வரை முப்பத்தோராண்டு! போர் வந்து அந்தச் சேவையை முடித்துவைத்தது. வேர்ன்ஸ் என்ற பெயர் கார் வணிகத்தில் இன்றும் வழங்குகிறது.

அந்த முதல் நாட்களில் புகழ் பெற்றவர் திருமதி டேர். சிங்கப்பூரில் கார் ஓட்டிய முதற் பெண்மணி இவரே. எஸ்-1 என்ற எண் தாங்கிய தம் 'ஸ்டார்' காருக்கு, ஜப்பானிய மொழியில் முதலாவது என்று பொருள்படும் 'இச்சிபான்' என்னும் பெயரை வைத்திருந்தார். ஹசன் பின் முகமது என்ற மலாய்க்காரருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஏட்டில் ஏறிய ஒரே தொழிலாளி பெயர் என்று இதனைச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. அதுவும் எஜமானியின் புகழோடு ஒட்டிக்கொண்டு ஏறியதே.

பட்டறைக்குள் என்ன நடந்தது? 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட போர்டு 'டி' காரையே எடுத்துக்கொள்வோம். அதன் தாங்கிகள் ஈயம் போல் எளிதில் உருகும் வெள்ளை உலோகத்தால் ஆனவை. தேய்ந்துவிட்டால் புதியதை வாங்கி மாட்டுவது எளிதன்று. பொருள் கப்பலேறி வர வேண்டும். ஆகவே பழையதைச் சுரண்டி எடுத்து, புதிய உலோகத்தை உருக்கி வார்த்து, சுழல்தண்டில் நீலச் சாயம் தடவிச் சுற்றி, சாயம் ஒட்டிய மேட்டை மட்டும் கையால் செதுக்கி, மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். எவ்வளவு செதுக்குவது என்பது விரல் நுனிக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் காரில் பெட்ரோல் தானாகவே இறங்கி எஞ்சினுக்குச் செல்லும். டாங்கியில் எண்ணெய் குறைந்திருந்தால் செங்குத்தான மேட்டில் எஞ்சின் நின்றுவிடும். அனுபவசாலிகள் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேடேற்றினார்கள். பல கார்களின் மேற்கட்டுக்கு மரச்சட்டம் இருந்தது. நம் ஊர் மழையும் கறையானும் அதை விட்டுவைக்குமா? தச்சனுக்கு ஓயாத வேலை.

இன்னொரு தொடர்பையும் மறத்தலாகாது. மலாயாத் தோட்டங்களில் தமிழர் சீவிய பால்தான் அமெரிக்காவில் டயராகி, காரோடு கப்பலேறி இங்கே திரும்பியது. 1922இல் ஆங்கில அரசு ஸ்டீவன்சன் திட்டத்தால் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவே, விலையேற்றத்துக்கு அஞ்சிய ஹென்றி போர்டு பிரேசில் காட்டில் சொந்த ரப்பர்த் தோட்டம் போட முனைந்தார். அது தோல்வியில் முடிந்தது. தோட்டத்தில் பால் சீவியவருக்கோ அந்தக் காரில் ஏறும் வாய்ப்பு கிடைத்ததாகச் சொல்வதற்கில்லை.

போர்டு நிறுவனம் 1941இல் புக்கிட் தீமாவில் கார் பூட்டும் தொழிற்சாலை கட்டி முடித்தது. சில மாதங்களுக்குள், 1942 பிப்ரவரி 15இல், அங்கேதான் பெர்சிவல் யமஷிடாவிடம் சரணடைந்தார். போருக்குப்பின் மீண்டும் கார் செய்த அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டு, 2006இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அங்கே செல்லும் பள்ளிப் பிள்ளைகள் சரணாகதி மேசையைப் பற்றிக் கேட்டு வருகிறார்கள்; கார் பூட்டியவர்களைப் பற்றிக் கேட்பவர் சிலரே.

இன்று சிங்கப்பூரில் 1990 முதல் நடப்பிலுள்ள உரிமைச் சான்றிதழ் முறையால் காரின் ஆயுள் பத்தாண்டுக் கணக்காகிவிட்டது. பணம் கட்டிப் புதுப்பிக்கலாம், பலர் கழித்துவிடுகின்றனர். முப்பத்தைந்து வயதைக் கடந்த காருக்குத் தனி விதியுண்டு. வரி குறைவு, ஆனால் ஆண்டில் சில நாட்களே வீதியில் ஓடலாம். மற்ற நாட்களில் அது கொட்டகையில் நிற்கிறது. அதற்கு உரிய சாமான் கடையில் இல்லை. கடைசல் இயந்திரத்தில் கடைந்தெடுக்கத் தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடி உரிமையாளர் போகிறார். அந்த முதியவரின் அருகில் பெரும்பாலும் சீடன் ஒருவனும் நிற்பதில்லை.